நான்கு அங்குலம்

உறைந்த ஏரியில் இறங்கும் முன்
துளை போட்டுப் பார்க்க வேண்டும் என்பது
எங்கள் டுலூத்தில் குழந்தைக்கும் தெரியும்.
நான்கு அங்குலப் பனி இருந்தால் ஆள் நடக்கலாம்.
குறைந்தால்
கரையில் நின்று காப்பி குடிக்கலாம்.

நானும் பார்த்துத்தான் கால் வைப்பேன், ஏரியில்.
வங்கிக் கணக்கில் மட்டும்
ஒருநாளும் துளை போட்டதில்லை.

அக்டோபர் பன்னிரண்டு.
போன் காட்டியது: எழுநூற்றுப் பன்னிரண்டு டாலர்.
கார்டு பில் அறுநூற்று எண்பது.
போதுமே என்று ஒரு தட்டு தட்டிவிட்டு
மருத்துவமனைச் சலவைக்கூடத்துக்குள் போய்விட்டேன்.
எட்டு மணி நேரம்
யார் யாருடைய காய்ச்சலோ கசங்கிய விரிப்புகள்.

அதே எட்டு மணி நேரத்தில்
ஓஸ்கார் லெஹ்டினென் தன் டிரக்கைச் சுத்தம் செய்தானாம்.
முன்னறைப் பெட்டிக்குள்
ஒற்றைக் கையுறை, உருகி ஒட்டிய மிட்டாய்,
அடியில் ஒரு காசோலை.
ஆகஸ்டில் கூரை ஒழுகலை அடைத்ததற்கு
நான் எழுதிக் கொடுத்த நூற்று நாற்பது.
நான் அதை மறந்தே போயிருந்தேன்.
என் கையெழுத்து மறக்கவில்லை.

பில் பணம் நடந்து வருவதற்குள்
காசோலை ஓடி வந்து வாங்கிக்கொண்டது.
பில் வெறுங்கையோடு திரும்பியது.
திரும்பியதற்கு வங்கி முப்பத்திரண்டு எடுத்தது,
வராததற்குக் கார்டுக்காரர்கள் இருபத்தொன்பது.
பசித்தவள் தட்டில்தான்
ஆளுக்கொரு கை.

பதினைந்தாம் தேதி சம்பளம் வந்தது.
பதறிப்போய் மறுபடியும் தட்டினேன்.
எனக்குத் தெரியாது,
திரும்பிப் போன பழைய பில்லும்
இன்னொரு முறை கதவைத் தட்டக் கிளம்பியிருந்தது என்று.
இரண்டும் உள்ளே போயின.
கார்டில் என் பணம் உபரியாய்க் கிடந்தது,
கணக்கில் நான் கடன்காரியாய்க் கிடந்தேன்.
கழித்தல் குறியோடு இருநூற்று நாற்பத்திரண்டு.
அந்தச் சின்னக் கோடு
பனியில் விழுந்த விரிசல் மாதிரியே இருந்தது.

கவுண்டரில் யெங் ஷியோங்.
என் மகள் வயதுகூட இருக்காது.
"சம்பளம் என்றைக்கு?"
"பதினைந்து."
"பில்?"
"பன்னிரண்டு."
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
மேசை நாட்காட்டியை என் பக்கம் திருப்பி
இரண்டு தேதிக்கும் நடுவில்
பேனாவை வைத்துவிட்டு இருந்தாள்.
மூன்று வருஷமாய் அந்த மூன்று நாளைத்தான்
நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்டியிருக்கிறேன்.

கார்டுக்காரர்களுக்குப் போன் போட்டேன்.
நாற்பது நிமிஷம் பியானோ.
தேதியை இருபதுக்கு மாற்றிக் கொடுத்தார்கள்,
கேட்டதும் கொடுத்தார்கள், அதுதான் வயிற்றெரிச்சல்.
உபரியும் வந்தது, ஒன்பது நாள் கழித்து.
இருபத்தொன்பதை விட்டுக்கொடுத்தார்கள்.
வங்கி இரண்டு முப்பத்திரண்டில் ஒன்றைத் தந்தது.
மற்றொன்று போனது போனதுதான்.

இப்போது பால் அட்டையின் பின்புறம்
இன்னும் வந்து சேராத காசோலைகளை எழுதி வைக்கிறேன்.
பில்லை அனுப்பிய பிறகு
அது கரை சேர்ந்ததா என்று மறுநாளும் பார்க்கிறேன்.
அடியில் இருநூறு டாலர்.
அது பணம் இல்லை.
என் கண்ணுக்கு அது பூஜ்யம்.
அதன்மேல்தான் நடக்கிறேன்.

ஜனவரி. ஏரி நடுவில் ஓஸ்காரின் மீன்பிடிக் குடில்.
அவன் நாயை ஒரு வாரம் பார்த்துக்கொண்டதற்கு
அறுபது டாலர் காசோலை எழுதி நீட்டினான்.
கையுறையைக் கழற்றினேன்.
அங்கேயே, அந்தக் குளிரில்,
முன்பக்கம் ஒரு படம், பின்பக்கம் ஒரு படம்,
விரல் விறைக்க அனுப்பி முடித்தேன்.

"அவ்வளவு அவசரமா, சில்வி?" என்று சிரித்தான்.

"எனக்கில்லை,
உனக்காகத்தான்" என்றேன்.